அம்மாவின் பாத லோஷன்: கெட்டுப்போன புட்டிகளின் கணக்கு

"ஒன்றும் முளைக்கவில்லை, பெரியம்மா. இரண்டு தட்டும் காலி" என்று தங்கை மகள் போன வாரம் செய்தி அனுப்பினாள். நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறவள். வீட்டில் நான் செய்த பாத லோஷனில், செய்து 90 நாள் ஆன பிறகு, கொஞ்சம் எடுத்து, ஆய்வகத் தட்டில் பரப்பிக் கிருமி முளைக்கிறதா என்று பார்க்க அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். பரீட்சை முடிவு வந்ததுபோல அந்தச் செய்தியை இரண்டு முறை வாசித்தேன். இந்தக் காலித் தட்டுக்கு முன்னால் மூன்று சுற்று லோஷன் குப்பைக்குப் போயிருக்கிறது. வரிசையாக எழுதிவைக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது; சர்க்கரை வந்து 18 வருடம். குதிகாலில் வெடிப்பு. பாதத்தை வறளவிடாதீர்கள், தினமும் ஏதாவது தடவுங்கள், ஆனால் விரலிடுக்கில் தடவ வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எண்ணெய் தடவிப் பார்த்தோம். டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. அந்த வயதில் ஒருமுறை விழுந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். கடையில் வாங்கிய லோஷன்களின் வாசனை அம்மாவுக்குத் தலைவலி. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். "கெமிக்கல் எதுவும் போடாமல்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமைக்கு ஆயுள் 11 நாள்.

முதல் சுற்று, ஆடி மாதக் கடைசி. அளவு 200 கிராம். தண்ணீர் 130, தொட்டியில் வளர்ந்த சோற்றுக்கற்றாழைச் சதை 20, கிளிசரின் 8, செக்கு நல்லெண்ணெய் 26, எமல்சிஃபையிங் வாக்ஸ் 12, சீட்டைல் ஆல்கஹால் 4. இந்தக் கடைசி இரண்டும் வெள்ளைச் செதில்களாக வரும் மெழுகுகள். முதலாவது இல்லாவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இரண்டாவது லோஷனுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. எண்ணெய்ப் பகுதியை ஒரு கிண்ணத்திலும் தண்ணீர்ப் பகுதியை இன்னொன்றிலும் கொதிநீரில் வைத்துச் சூடாக்கி, ஒன்றாக ஊற்றி, மோர் கடையும் மத்தால் கடைந்தேன். அரை மணி நேரத்தில் எண்ணெய் மேலே மிதந்தது. மறுபடி சூடாக்கி, பருப்பு கடைய வைத்திருந்த ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு மூன்று நிமிடம் அடித்தேன். பால்போலத் திரண்டு நின்றது. மத்துக்கு இந்த வேலை ஆகாது.

கெடாமல் இருக்க நான்கு வைட்டமின் ஈ மாத்திரைகளை, மருந்துக்கடையில் கிடைக்கும் 400 மில்லிகிராம் பச்சைக் குமிழிகளை, ஊசியால் குத்திப் பிழிந்தேன். இதுதான் இயற்கையான பிரிசர்வேட்டிவ் என்று எங்கோ படித்த ஞாபகம். அது தவறு. வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் கொஞ்ச காலம் காக்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது எந்தத் தடையும் இல்லை.

11ஆம் நாள், மூடியின் உள்பக்கத்தில் கடுகளவில் ஒரு சாம்பல் பச்சைப் புள்ளி. மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் புள்ளிக்கு மெல்லிய ரோமம் இருந்தது. லோஷன் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. முகர்ந்தபோது, ஊறப்போட்டு மறந்த உளுந்தின் வாடை லேசாக. அம்மா அதை ஒன்பது நாள் வெடிப்பின்மேல் தடவியிருந்தார். நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை.

தங்கை மகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "புள்ளி தெரிந்த அன்று கெட்டது என்று நினைக்காதீர்கள், பெரியம்மா. தெளிந்த தண்ணீர் கலங்கித் தெரியவே ஒரு மில்லியில் பத்து லட்சத்துக்கு மேல் பாக்டீரியா வேண்டும். வெள்ளை லோஷனில் அதுகூடத் தெரியாது. அம்மாச்சிக்குக் காலில் வெடிப்பு இருக்கிறது. சூடோமோனாஸ் மாதிரி ஒன்று உள்ளே போனால் சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறாது" என்றாள். அந்தக் கிருமி குழாய்த் தண்ணீரிலும் ஈரமான வாளியிலும்கூட வாழும், அதற்குச் சாப்பாடு என்று பெரிதாக எதுவும் வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகு, குளியலறையில் லோஷன் வைத்திருந்த தட்டை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன்.

இரண்டாம் சுற்று. இந்த முறை கெமிக்கல் போடுவது என்று முடிவுசெய்தேன், ஆனால் சாப்பாட்டில் போடுவதை மட்டும். ஸ்குவாஷுக்கும் ஊறுகாய்க்கும் போடும் சோடியம் பென்சோயேட். கடைத்தெருவில் எசன்ஸ் விற்கும் கடையில் 100 கிராம் 60 ரூபாய். 200 கிராமுக்கு அரை சதவீதம் என்றால் 1 கிராம். என் சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. 'கால் தேக்கரண்டி இருக்கும்' என்று கண்ணளவில் போட்டேன். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற கை.

24 நாள் தாங்கியது. பிறகு புட்டியின் கழுத்தருகே இளஞ்சிவப்பாக இரண்டு புள்ளிகள். ஸ்குவாஷை வருடக்கணக்கில் காக்கும் பொருள் இங்கே ஏன் தோற்றது? ஸ்குவாஷ் புளிப்பு, என் லோஷன் புளிப்பில்லை. புளிப்பை அளக்கும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன்: 6. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சோடியம் பென்சோயேட் புளிப்பான இடத்தில்தான் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுகிறது. பிஎச் 6இல் போட்டதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் அந்த வடிவத்தில் இருக்கும், 4.8இல் ஏறக்குறைய 20 பங்கு. அதாவது நான் கால் தேக்கரண்டி போட்டும் போடாத கணக்குதான்.

"அப்படியென்றால் எலுமிச்சம்பழம் பிழிந்துவிடலாமே" என்று பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொன்னார். எனக்கும் சரியென்றே பட்டது. நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தேன். எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது. அதுவும் பென்சோயேட்டும் ஒன்றாக இருந்தால் மிகச் சிறிய அளவில், புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் உண்டாகலாம். குளிர்பானங்களில் இது கண்டுபிடிக்கப்பட்டுப் பல கம்பெனிகள் செய்முறையையே மாற்ற வேண்டியிருந்தது. எலுமிச்சையை அம்மாவின் சாதத்துக்கே விட்டுவிட்டேன்.

மூன்றாம் சுற்றில் சிட்ரிக் அமிலம், அதாவது கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு. 10 கிராமை 90 கிராம் தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். தவறு செய்தது இங்கேதான். என்னிடம் இருந்தது 1 முதல் 14 வரை காட்டும் 150 ரூபாய்த் தாள். அதில் 4க்கும் 5க்கும் நடுவிலுள்ள நிற வித்தியாசம், ஆரஞ்சுக்கும் கொஞ்சம் வெளிறிய ஆரஞ்சுக்கும் உள்ள வித்தியாசம்தான். குழல்விளக்கு வெளிச்சத்தில் எதைச் சொல்வது! இன்னும் நான்கு சொட்டு, இன்னும் நான்கு சொட்டு என்று விட்டுக்கொண்டே போனேன். அன்று இரவு தடவியதும் அம்மா காலை இழுத்துக்கொண்டார். "என்னடி, மிளகாய் அரைத்த கையோடு செய்தாயா?" என்றார். மறுநாள் குறுகிய அளவு காட்டும் தாள் (3.8 முதல் 5.4 வரை, 420 ரூபாய்) வாங்கி நனைத்தேன். கீழ்க்கோடிக்கும் கீழே போயிருந்தது. வெடிப்புள்ள தோலுக்கு அது எரியாமல் என்ன செய்யும்? சமையல் சோடாவால் திருப்பித் தூக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம் என்று கொட்டிவிட்டேன்.

அதன் பிறகுதான் கருவிகளுக்குச் செலவுசெய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. 0.01 கிராம் காட்டும் கையகலத் தராசு, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அதன் சின்னத் தம்பி: 480 ரூபாய். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி 350. தாளோடு சேர்த்து 1,250 ரூபாய். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் காய்ச்சி வடித்த நீர் 5 லிட்டர் 120. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் உப்பு முழுக்கப் போகாது. பிஎச்சை மேலே தள்ளுவதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

தராசு வந்த அன்றே ஒரு விளையாட்டு. செய்முறைக் குறிப்புகளில் "40 சொட்டு விடவும்" என்று எழுதுகிறார்களே, 40 சொட்டு எத்தனை கிராம்? பிளாஸ்டிக் குழலில் ஒரு முறை விட்டுப் பார்த்தேன்: 1.12 கிராம். கண்ணாடிக் குழலில் 1.71. போட வேண்டியது 2 கிராம் என்றால் முதலாவதில் பாதிதான் போயிருக்கும். சொட்டுக் கணக்கை அன்றோடு விட்டேன்.

நான்காம் சுற்றுக்கு மூன்று சிறு புட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் ஒரே லோஷன். முதலாவதில் வைட்டமின் ஈ மட்டும். இரண்டாவதில் சோடியம் பென்சோயேட் 0.5 சதவீதமும் பூஞ்சையைத் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் 0.2 சதவீதமும், பிஎச் 4.8. மூன்றாவதில் ஃபீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சைல்கிளிசரினும் 9க்கு 1 என்று கலந்து விற்கும் பிரிசர்வேட்டிவ் திரவம், 1 சதவீதம். 50 கிராம் 260 ரூபாய். தண்ணீர்போல இருக்கிறது, மூக்கருகே கொண்டுபோனால் ரோஜாவின் சாயலில் மெல்லிய வாசனை. ஃபீனாக்சிஎத்தனாலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 1 சதவீதம். இந்தக் கலவையில் 1 சதவீதம் போட்டால் அது 0.9தான் வரும். வரம்புக்குள்.

கடை லோஷன்களில் பரவலாகப் போடும் பிரிசர்வேட்டிவான பாராபென் ஏன் இல்லை என்று கேட்பார்கள். பயத்தால் அல்ல. 2004இல் இங்கிலாந்தில் மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென் இருந்ததாக வந்த ஆய்விலிருந்துதான் அந்தப் பெயர் கெட்டது. அந்த ஆய்வு பாராபென் இருப்பதைச் சொன்னது. அதனால்தான் கட்டி வந்தது என்று சொல்லவில்லை. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிடவும் இல்லை. மெத்தில் பாராபென் ஐரோப்பாவில் இன்றும் 0.4 சதவீதம் வரை அனுமதி உள்ளது. ஒவ்வாமையைப் பார்த்தாலும் பாராபென் சாது. 2019இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதற்கு 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே பட்டம் கொடுத்தது. அதே சங்கம் 2013இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று காட்டியது மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற இன்னொரு பிரிசர்வேட்டிவை. பாராபெனை விட்டு ஓடிய பலர் போய்ச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு ஐரோப்பாவில் கழுவாமல் விடும் பொருள்களில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். நான் பாராபென் வாங்காததற்குக் காரணம் எளிது: அது தூள், தண்ணீரில் சுலபமாகக் கரையாது, திரவத்தை எடைபோட்டு ஊற்றுவது எனக்கு வசதி.

சேர்க்கும் நேரம் முக்கியம். இரு பகுதிகளையும் 75 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, அடித்து, வெப்பமானி 42 காட்டிய பிறகுதான் மூன்றாவது புட்டிக்கான திரவத்தை விட்டேன். இன்னொன்று: சூடாக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது. அடுப்பில் வைப்பதற்கு முன்னும் பின்னும் கிண்ணத்தை எடைபோட்டால் 9 கிராம் குறைந்திருந்தது. கொதித்து ஆறிய வடித்த நீரை அதே அளவு ஊற்றினேன். இதை விட்டுவிட்டால் சதவீதக் கணக்கெல்லாம் சரிந்துவிடும்.

மூன்று புட்டிகளையும் குளியலறை அலமாரியில் வைத்து, தினமும் ஒருமுறை கழுவாத விரலை ஒவ்வொன்றிலும் விட்டு எடுத்தேன். 21 நாள். வீட்டில் எல்லாருக்கும் அருவருப்பு. ஆனால் லோஷன் புட்டிக்கு வீட்டில் நடப்பது அதுதானே? சோதனை என்பதால் அம்மாவிடம் எதையும் கொடுக்கவில்லை. 21ஆம் நாள் மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி. வாடையிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

தங்கை மகள் தன் ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக் கல்லூரி ஆய்வகத்தில் தட்டுகளில் பரப்பினாள். நேராகத் தட்டில் போட்டால் லோஷனிலுள்ள பிரிசர்வேட்டிவே அங்கும் வேலைசெய்து முளைக்கவிடாமல் ஏமாற்றும். அதை முடக்க லெசித்தினும் பாலிசார்பேட்டும் கலந்த கரைசலில் பத்து மடங்கு கரைத்த பிறகே ஒரு மில்லி எடுத்துப் போட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாராம். தட்டில் ஒரு புள்ளி முளைத்தால் கிராமுக்கு 10 என்று கணக்கு.

வைட்டமின் ஈ புட்டியை ஆயிரம் மடங்கு கரைத்தும் தட்டு முழுக்கப் புள்ளி, எண்ணவே முடியவில்லை. அவள் அனுப்பிய படத்தில் அது ரவை கொட்டிய தட்டுபோல இருந்தது. நான் முகர்ந்து "நன்றாக இருக்கிறது" என்று குறித்துவைத்த புட்டி அது. இரண்டாவதில் பாக்டீரியா இல்லை, பூஞ்சைத் தட்டில் 2 புள்ளி: கிராமுக்கு 20. மூன்றாவதில் பாக்டீரியா இல்லை, பூஞ்சை 4 புள்ளி: கிராமுக்கு 40. பெரியவர்கள் உடலில் தடவும் பொருளுக்கு உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வைக்கும் உச்சம் கிராமுக்கு 1,000. கண்ணருகே தடவுவதற்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 100. இரண்டுமே தேறியவைதான். ஆனாலும் ஃபீனாக்சிஎத்தனால் பூஞ்சையிடம் கொஞ்சம் தளர்ந்துபோகும், சார்பேட் அங்கே பலம் என்பதால் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

நவம்பர் முதல் வாரம் கடைசிச் சுற்று. வடித்த நீர் 147, கிளிசரின் 8, நல்லெண்ணெய் 26, வாக்ஸ் 12, சீட்டைல் ஆல்கஹால் 4, ஃபீனாக்சிஎத்தனால் கலவை 2, பொட்டாசியம் சார்பேட் 0.4, டைசோடியம் ஈடிடிஏ 0.2 கிராம். மிச்சம் சிட்ரிக் கரைசல், பிஎச் 5.0 வரும்வரை, ஒவ்வொரு இரண்டு சொட்டுக்கும் ஒரு தாள். ஈடிடிஏ பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் தளர்த்தி மற்ற இரண்டுக்கும் வழிவிடுகிறது. சூடோமோனாஸை நினைத்துச் சேர்த்தது.

கற்றாழை எங்கே என்று கேட்பீர்கள். எடுத்துவிட்டேன். பறித்த பச்சைச் சதையோடு மண்ணும் சர்க்கரையும் உள்ளே போகின்றன. கிருமிகளுக்கு நானே பந்தி வைத்தது மாதிரி. கற்றாழை இல்லாததை அம்மா இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. இந்த மொத்தக் கதையும் கற்றாழையில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்.

அகல வாய்ப் புட்டிகளையும் கைவிட்டேன். அழுத்தினால் வரும் பம்ப் புட்டி, 100 மில்லி, ஒன்று 35 ரூபாய், இரண்டு. 70 சதவீத ஆல்கஹால் தெளித்துக் கவிழ்த்துக் காயவைத்து நிரப்பினேன். முதலில் என் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, தினம் இரண்டு வேளை, ஏழு நாள். சிவப்பு, அரிப்பு எதுவும் இல்லை. பிறகு அம்மாவின் காலில் வெடிப்பில்லாத இடத்தில் மூன்று நாள். அதன் பின்னரே குதிகால். எரியவில்லை.

200 கிராமுக்குப் பொருள் செலவு ஏறக்குறைய 60 ரூபாய், புட்டிகள் தனி. அதில் பிரிசர்வேட்டிவின் பங்கு 11 ரூபாய். கொட்டிய மூன்று சுற்றுகளையும் கருவிகளையும் சேர்த்தால், அம்மா சொல்வதுபோல, தங்கத்தால் ஆன லோஷன்.

அடுத்த முறை 100 கிராம்தான் செய்வேன். இரண்டாவது புட்டி 50 நாள் அலமாரியில் சும்மா இருந்தது. பிஎச்சை மறுநாளும் ஒருமுறை பார்ப்பேன். சூடு முழுக்க ஆறிய பிறகு கொஞ்சம் நகர்கிறது. தட்டுகளில் எதுவும் முளைக்கவில்லை என்பதால் இது எல்லாவற்றையும் தாங்கும் என்று ஆகிவிடாது. கம்பெனிகள் ஐந்து வகைக் கிருமிகளை வேண்டுமென்றே லோஷனுக்குள் விட்டு, 28 நாள் வரை எண்ணிப் பார்க்கின்றன. அது வீட்டில் நடக்கிற காரியமில்லை. பக்கத்து வீட்டு அக்கா "எனக்கும் ஒன்று செய்துகொடு, காசு தருகிறேன்" என்றபோது முடியாது என்றேன். விற்பனைக்குச் செய்ய 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். அக்காவுக்கு இன்னும் கோபம். எலுமிச்சை விஷயத்தையும் சேர்த்து.

தட்டு காலி என்ற செய்தி வந்த நாலாம் நாள் குளியலறையில் புட்டியை எடுத்தேன். பம்ப் வழியாக மோர்போல ஏதோ வந்தது. திறந்து பார்த்தால் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெளுத்த தண்ணீர்.

"தீரப் போகிறது, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, வீணாகப் போகுமே என்று கொஞ்சம் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். ஷாம்பூவுக்குச் செய்வதுதானே?" என்றார் அம்மா.

கொட்டிவிட்டு, புதிய புட்டியின்மேல் மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: தண்ணீர் ஊற்றக் கூடாது.